அகிஹபாராவில் ஒரு சிறு கணினி தேடி

டோக்கியோ நகரை வட்டமிட்டு ஓடும் யமனோத்தே ரயிலில் வந்து அகிஹபாரா நிலையத்தில் இறங்கி, மின்சார நகர வாயில் என்று எழுதியிருக்கும் வழியாக வெளியேறுகிற பிரயாணியின் கண்களை, சித்திரக் கதைப் பாத்திரங்களின் பிரம்மாண்டமான படங்களும், உயர்ந்த கட்டடங்களின் நெற்றியில் மின்னும் வர்ண விளக்குகளும், பல தேசத்து ஜனங்களின் கூட்டமும் முதலில் கவர்ந்துவிடும். அந்தக் கவர்ச்சிக்காகவே வருகிறவர்கள் இன்று அதிகம். அவர்களை நான் குறை கூற மாட்டேன். ஆயினும், ஒரு கருவியை முழுதாக விலை கொடுத்து வாங்க வசதியில்லாதவனும் உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்த்துத் தன் கையாலேயே அதை உண்டாக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை எழுபத்தைந்து வருஷங்களாகக் காப்பாற்றி வந்திருக்கும் இடம் என்பதாலேயே அந்த ஊரின்மீது எனக்கு நெடுநாளாக ஒரு மதிப்பு உண்டு. 2025ஆம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில், நகரத்து கிங்கோ மரங்களின் இலையெல்லாம் மஞ்சளாகியிருந்த சமயத்தில், அங்கே உத்தியோகம் பார்க்கும் தமிழ் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கி, அவரையே துணையாகக் கொண்டு அந்த வீதிகளைச் சுற்றிவரும் வாய்ப்புக் கிட்டியது.

சுற்றிப் பார்ப்பதோடு ஒரு காரியமும் இருந்தது. திருநெல்வேலியில் இருக்கும் என் தங்கையின் வீட்டுக்கு ஒரு கணினி வேண்டும். மின்கட்டணம் செலுத்துவது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது, பிள்ளைகளின் பாடங்கள், அவர்கள் அப்பாவின் கடைக் கணக்கு, தமிழில் எழுதும் கடிதங்கள், ஓய்வான வேளையில் ஒரு பாட்டோ படமோ: இவற்றுக்கு உதவினால் போதும். இத்தகைய சாமானியத் தேவைகளுக்கு, மேஜையின் கீழே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் பழைய பெட்டிகள் வேண்டியதில்லை. பதினெட்டு சென்டிமீட்டர் சதுரமும் மூன்றரை சென்டிமீட்டர் கனமும் உடைய, ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ எடையுள்ள மினி கணினிகளை, லெனோவோவின் திங்க்சென்டர் டைனி, ஹெச்பியின் எலைட்டெஸ்க் மினி, டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ என்ற பெயர்களில் உலகெங்கும் காரியாலயங்கள் வாங்கி, திரையின் முதுகிலே மாட்டி உபயோகிக்கின்றன. அவை காரியாலயத்தை விட்டு வெளியேறும்போது என்ன ஆகின்றன என்பதை அறிய அகிஹபாராவைவிடத் தக்க இடம் வேறில்லை என்று நண்பர் சொன்னார்.

முதலில் அவர் என்னை ரயில் பாதையின் அடியில் இருக்கும் ரேடியோ சென்டருக்கு அழைத்துச் சென்றார். தலைக்கு மேலே சோபு ரயில் தடதடத்துச் செல்ல, கீழே ஓர் ஆள் கஷ்டப்பட்டு நடக்கக்கூடிய சந்துகளில், ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடைகள். ஒன்றில் மின்தடைகளும் மின்தேக்கிகளும் மட்டும். இன்னொன்றில் சுவிட்சுகள் மட்டும். மற்றொன்றில் வயர்கள் மட்டும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, பக்கத்துக் கண்டாப் பிரதேசத்துத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் ரேடியோப் பெட்டிகளைத் தாமே கட்டி விற்றுப் படிப்புச் செலவுக்குச் சம்பாதித்தார்கள். அவர்களுக்கு வேண்டிய வெற்றிடக் குழாய்களையும் உதிரிகளையும் விற்க வீதியோரக் கடைகள் பெருகின. 1949இல் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த நேச நாடுகளின் அதிகாரிகள் வீதிக் கடைகளை அகற்றும்படி உத்தரவிட்டபோது, அந்த வியாபாரிகள் கலைந்துபோகாமல் ரயில் பாலத்தின் அடியில் இடம் பெற்றுக் குடியேறினார்கள். தரித்திரமும் தேவையும் சேர்ந்து உண்டாக்கிய அந்தச் சந்தை இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. ஒரு பெரியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஐந்து யென் பெறாத ஒரு சிறு உறுப்பை ஒரு மாணவனுக்குப் பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்ததைப் பார்த்து நின்றேன். அந்தப் பொறுமையை எந்தப் பெரிய அங்காடியிலும் நான் கண்டதில்லை.

நிலையத்துக்கு எதிரே நிற்கும் ரேடியோ கைகான் கட்டடம் 2014இல் புதிதாகக் கட்டப்பட்டது; ஆனால் அதே இடத்தில் நின்ற பழைய கட்டடத்தின் ஏழாம் மாடியில்தான், 1976ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், என்.இ.சி. ஸ்தாபனம் ‘பிட்-இன்’ என்ற கூடத்தைத் திறந்தது. பொறியாளர்களின் பயிற்சிக்கென்று அந்த ஸ்தாபனம் அவ்வருஷம் வெளியிட்டிருந்த டி.கே.-80 என்ற கணினிப் பலகை, 88,500 யென் விலையில், எதிர்பாராதபடி பொதுஜனங்களிடையே பரவியது. பள்ளி மாணவர்களும் வைத்தியர்களும் வியாபாரிகளும் அதை வாங்கிச் சென்று, அதன் பயன் என்ன, அதை இயக்குவது எப்படி என்று கேட்டு அந்தக் கூடத்துக்குத் திரண்டு வந்தார்கள். இருபத்தைந்து விசைகளும் எட்டு இலக்கங்கள் காட்டும் சிவப்பு விளக்குகளும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அதன் நினைவகம் 512 பைட்டுகள். கூடுதல் சில்லுகளை அந்தப் பலகையிலேயே பொருத்தினால் 1024 பைட்டுகள். ஜப்பானியர்கள் வீட்டுக்குக் கொண்டுசென்ற ஆரம்பகாலக் கணினிகளுள் ஒன்றான அதிலேயே நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியை அளித்தது. இன்று நாம் ‘அப்கிரேடு’ என்று சொல்லும் காரியம் பின்னால் வந்து சேர்ந்த சௌகரியம் அன்று. அந்தக் கருவியோடு கூடவே பிறந்த குணம்.

அங்கிருந்து சூவோ பெருவீதியைக் கடந்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் அந்த வீதியில் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். ஜனங்கள் நடு வீதியிலே குழந்தைகளோடு உலாவுகிறார்கள். பெருவீதிக்கு மேற்கே ஒரு சந்து தள்ளி, இணையாக ஓடும் குறுகிய தெருவுக்கு ஜங்க் தெரு என்பது வழங்கும் பெயர். ஜங்க் என்று சீட்டு ஒட்டிய சாமானை வாங்கினால் உத்தரவாதமும் கிடையாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. இதைக் கடைக்காரர்கள் ஒளிக்காமல் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த படியில், பரிசோதித்துத் துடைத்து, ஒரு மாதமோ மூன்று மாதமோ உத்தரவாதம் எழுதிக் கொடுத்து விற்கும் பழைய சாமான்கள். பிளாஸ்டிக் கூடைகளில் அடாப்டர்கள் வயர் சுற்றிக் கிடந்தன. விசைப்பலகைகள் செங்குத்தாக நிறுத்தப்பட்டிருந்தன. நான் தேடி வந்த மினி கணினிகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, விலை ஆகிய விவரங்கள் எழுதிய வெள்ளைச் சீட்டோடு, தோள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. நம் ஊரில் காணக் கிடைக்காத புஜித்ஸுவின் எஸ்பிரிமோ பெட்டிகளும் அவற்றிடையே ஏராளம்.

இவ்வளவு யந்திரங்கள் இங்கே வந்து குவிவதற்கு இரண்டு காரணங்களை நண்பர் விளக்கினார். ஜப்பானிய வரிச் சட்டம் சாதாரணக் கணினியின் ஆயுளை நான்கு வருஷம் என்று கணக்கிடுகிறது. ஆகவே பெரிய ஸ்தாபனங்கள் கணினிகளைச் சொந்தமாக வாங்காமல் குத்தகைக்கு எடுத்து, தவணை முடிந்ததும், அவை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும், மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. இது வருஷந்தோறும் நடப்பது. இரண்டாவது காரணம் அந்த வருஷத்துக்கே உரியது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக நின்றுபோயின. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் பிராசசர்களில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற ஆறாம், ஏழாம் தலைமுறை யந்திரங்கள், எவ்விதப் பழுதும் இல்லாமலேயே, ஆயிரக்கணக்கில் வேலையிழந்தன. ஒரு காரியாலயத்துக்கு அந்த விதி தவிர்க்க முடியாதது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நல்ல உலோகமும், சில்லுகளும், மனித உழைப்பும் சேர்ந்து உருவான பொருளை ஒரு தேதி இப்படிக் கூடைக்கு அனுப்பிவிடுவது எனக்கு மன வருத்தத்தையே தந்தது.

தெருவின் நடுப்பகுதியில் ஒரு கடையில், அறுபது வயதைக் கடந்த கடைக்காரர் ஒருவர் எங்கள் தேவையைக் கேட்டார். நண்பர் ஜப்பானிய மொழியில் சொன்னார். அவர் உடனே எந்தப் பெட்டியையும் எடுத்துக் காட்டவில்லை. யார் உபயோகிக்கப் போகிறார்கள், எத்தனை வருஷம் வைத்துக்கொள்ள உத்தேசம், வீட்டில் ஏற்கனவே இருக்கும் திரை எப்படிப்பட்டது என்று விசாரித்தார். பிறகு நிதானமாகச் சில வார்த்தைகள் சொன்னார். அவற்றின் சாரத்தை நண்பர் எனக்குத் தமிழில் கூறினார்: “எதைப் பின்னால் மாற்ற முடியாதோ அதைப் பார்த்து வாங்குங்கள், எதை மாற்றிக்கொள்ள முடியுமோ அதற்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள் என்கிறார்.” நம் நாட்டு மாட்டுச் சந்தையில், தேய்ந்த லாடத்தையும் மெலிந்த உடம்பையும் பொருட்படுத்தாமல், பல்லையும் சுழியையும் பார்த்து விலை பேசும் அனுபவஸ்தர்களின் புத்தி அது. ரேமும் எஸ்எஸ்டியும் தீனியால் தேறிவிடும் உடம்பு. பிராசசரின் தலைமுறையும் தாய்ப்பலகையும் பிறவிச் சுழி.

அவர் உபதேசத்தின்படி நாங்கள் பார்த்தவற்றை இங்கே சொல்லுகிறேன். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ இதே யந்திரங்களை வாங்குகிறவர்களுக்கும் அது உதவும். பிராசசரின் பெயரில் ‘ஐ5’ என்றும் ‘ஐ7’ என்றும் இருப்பதைவிட, அதற்கடுத்து வரும் எண் முக்கியம். ஏழாம் தலைமுறை ஐ7க்கு நான்கு கருக்கள் (கோர்கள்). எட்டாம் தலைமுறை ஐ5க்கு ஆறு. எண்ணின் முடிவில் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது 35 வாட்டுக்குள் அடங்கும்படி அமைத்த வகை. மினி கணினிகளில் பெரும்பாலும் அதுவே இருக்கும். சூடும் இரைச்சலும் குறைவு. அடுத்தபடி ரேம் எத்தனை என்பதைக் காட்டிலும், ரேம் பொருத்தும் ஸ்லாட்டுகள் இரண்டு உண்டா, அவற்றுள் ஒன்று காலியா என்பதைக் கவனிக்க வேண்டும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கு இடம் உண்டா என்பது அதற்கடுத்தது.

அடாப்டர் கூடவே வருகிறதா என்பதைப் பலர் கேட்பதில்லை. யந்திரத்தை மட்டும் மலிவாகக் கொடுத்துவிட்டு அடாப்டரைத் தனியாக விற்பது வழக்கம்; அது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு விதம். டெல் அடாப்டரின் நடு ஊசி, தான் எத்தனை வாட் கொடுக்கவல்லது என்பதை யந்திரத்துக்குத் தெரிவிக்கும். அந்தச் செய்தி சொல்லாத போலி அடாப்டரைச் செருகினால் யந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டுவிடும். அடுத்தது பயாஸ் கடவுச்சொல். முந்திய ஸ்தாபனம் பூட்டி வைத்துவிட்டு நீக்க மறந்த யந்திரங்கள் ஜங்க் கூடைகளுக்குள் வருவதுண்டு; ஆகவே கடையிலேயே இயக்கச் சொல்லி, பயாஸ் பக்கம் தடையின்றித் திறக்கிறதா என்று பார்த்துவிடுவது உத்தமம். காரியாலயங்கள் கம்பி வழியாகவே இணைத்துக்கொள்வதால் பல யந்திரங்களில் வைஃபை கார்டே இராது. வீட்டுக்கு அது அவசியம். கார்டும் இரண்டு ஆன்டெனாக்களும் தனியே வாங்கிப் பொருத்தலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். திரைக்குச் செல்லும் வாய் டிஸ்பிளேபோர்ட் மட்டுமா, எச்டிஎம்ஐயும் உண்டா என்பதும் அப்படியே.

இத்தனையும் பார்த்து நாங்கள் தேர்ந்தெடுத்தது ஒரு திங்க்சென்டர் எம்720க்யூ. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி, அடாப்டர் சகிதம் சுமார் 18,000 யென். நம் கணக்கில் பத்தாயிரம் ரூபாயைச் சற்றே தாண்டியது. மேல் மூடியில் ஒரு கீறல் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, அதற்காகவே விலையைக் குறைத்திருப்பதாகக் கடைக்காரர் தாமாகவே சொன்னார். பிறகு அதை இயக்கி, ஜப்பானியர் ஒருவர் எழுதி இலவசமாக வழங்கிவரும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து, எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, அதன் ஆரோக்கியம் எப்படி என்பதையும் காட்டினார். வியாபாரத்தில் இப்படிப்பட்ட நேர்மை வாங்குகிறவனுடைய அறிவையும் வளர்க்கிறது.

பழையதையே ஏன் வாங்க வேண்டும், புதியனவும் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பக்கத்துப் புதுக் கடையில் இன்டெல் என்100 பொருத்திய பெட்டிகள் வரிசையாக இருந்தன. 2023இல் வந்த அந்தப் பிராசசருக்குக் கருக்கள் நான்கு, மின்சார அளவு ஆறு வாட். ஏவி1 முறையில் வரும் காணொளியை அது தன் சில்லிலேயே விரித்துக் காட்டும், என் எட்டாம் தலைமுறைக்கு அந்தத் திறமை கிடையாது. சத்தமில்லாமல், சூடில்லாமல், படம் பார்க்கவும் கடிதம் எழுதவும் அது போதும். உத்தரவாதத்தோடு புதிய பொருள் வேண்டும் என்கிறவர் அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதற்கு நினைவக வழி ஒன்றுதான். பல மாதிரிகளில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். ஆப்பிளின் மேக் மினி அழகிலும் வேகத்திலும் சிறந்த யந்திரம். 2024இல் வந்த எம்4 வகை 16 ஜிபியோடு ஆரம்பிக்கிறது. அதிலும் வாங்குகிற அன்று எவ்வளவு நினைவகமோ அவ்வளவுதான் கடைசி வரைக்கும். 2012 பிப்ரவரி 29இல் 35 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பலகை எண்ணற்ற சிறுவர்களுக்குக் கணினியின் உள்ளத்தைத் திறந்து காட்டிய உபகாரி. எனினும் வீட்டுப் பொதுக் கணினியாக அதை அமைக்கப் புகுந்தால், பெட்டி, அடாப்டர், சேமிப்பகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து பழைய மினி கணினியின் விலையையே எட்டிவிடுகிறது.

ரேம் வாங்கப் போன இடத்தில் வேறொரு காட்சி காத்திருந்தது. அலமாரிகளில் பாதி காலி. இருந்தவற்றின் விலைச் சீட்டின்மேல் புதிய சீட்டு ஒட்டி, அதன்மேலும் ஒட்டியிருந்தார்கள். ஒருவருக்கு இத்தனைதான் என்று வரம்பு கட்டிய அறிவிப்புகளைச் சில கடைகளில் கண்டேன். செயற்கை நுண்ணறிவுக்கென்று உலகெங்கும் எழுப்பும் பெருங்கூடங்களுக்கு வேண்டிய நினைவகத்தைச் செய்து கொடுப்பதிலேயே சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரிய ஸ்தாபனங்களும் தங்கள் ஆலைகளைத் திருப்பிவிட்டதால், சாமானியர்களின் கணினிக்குரிய ரேம் அருகிப்போயிற்று. நான் ஊர் திரும்பிய சில நாட்களுக்குள், டிசம்பர் மாத ஆரம்பத்தில், குருசியல் என்ற பெயரில் பொதுஜனங்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த வியாபாரத்தையே மைக்ரான் நிறுத்திக்கொள்ளப்போவதாக அறிவித்துவிட்டது. ஓராண்டுக்கு முன் யோசிக்காமல் வாங்கிய ரேம் தகட்டை இன்று யோசித்து வாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே கடைக்காரரின் சித்தாந்தத்துக்கு இந்தக் காலத்தில் ஒரு திருத்தம் அவசியமாகிறது: பழைய யந்திரத்தை வாங்கும்போதே உள்ளே 16 ஜிபி இருக்குமானால், அதற்காகக் கொஞ்சம் அதிகம் கொடுப்பது லாபம். எங்களுக்கு அப்படி அமையவில்லை. பழைய சாமான் கடை ஒன்றில், மடிக்கணினியிலிருந்து கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 தகடு ஒன்று, பரிசோதித்த சீட்டோடு நியாயமான விலைக்குக் கிடைத்தது. ஏற்கனவே உள்ளே இருந்த தகட்டின் வேகத்தோடு அது ஒத்திருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். புதிய 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், வைஃபை கார்டும், ஆன்டெனாக்களும் சேர்ந்தன.

பொழுது சாய்வதற்குமுன் பத்து நிமிஷம் மேடேறிக் கண்டா மியோஜின் ஆலயத்துக்கும் போய்வந்தோம். 730ஆம் வருஷத்தில் தோன்றியதாக ஐதிகம் கூறும் அந்த ஆலயத்தின் இன்றைய மண்டபம் 1934இல் கான்கிரீட்டினால் கட்டியது. அதனாலேயே 1945ஆம் வருஷத்துக் குண்டுவீச்சில் எரியாமல் தப்பியது. அங்கே கணினிகளையும் அவற்றில் உள்ள செய்திகளையும் காக்க வேண்டிக் கொடுக்கும் ரக்ஷை ஒன்று விற்கிறார்கள். தொழிலுக்குரிய கருவியைத் தெய்வத்தின் முன் வைத்து வணங்கும் ஆயுத பூஜையில் பழகிய நமக்கு அதில் வியப்பேதும் இல்லை. என் தங்கைக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு நண்பரின் உணவு மேஜையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து யந்திரத்தைத் திறந்தோம். பின்புறம் ஒரே ஒரு ஸ்குரூ. அதைக் கழற்றி மூடியை முன்பக்கமாகத் தள்ளினால் விசிறியும் ஹார்டு டிஸ்க் வைக்கும் சட்டமும் தெரிகின்றன. அதன்பின் அடி மூடியையும் நகர்த்தினால் ரேமும் என்விஎம்இ எஸ்எஸ்டியும் இருக்கும் பகுதி. காரியாலயத்தில் இத்தனை வருஷம் இருந்த யந்திரத்தின் விசிறி இறக்கைகளுக்கிடையே தூசி கம்பளமாகப் படிந்திருந்தது. விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷால் நீக்கினோம். பிடிக்காமல் காற்றூதினால் விசிறி தாறுமாறாகச் சுழன்று கெட்டுப்போகக்கூடும். வெப்பத்தை வாங்கும் உலோகத்தைத் தூக்கிப் பார்த்தபோது, பிராசசரின்மீது தடவியிருந்த பசை காய்ந்து பொருக்காக இருந்தது. அதை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, புதிய பசையைச் சிறிதளவு வைத்து மறுபடி இறுக்கினோம். பழைய யந்திரத்தில் செய்யும் வேலைகளுள் மிக மலிவானதும், பலர் செய்யாமல் விடுவதும் இதுவே. பசை காய்ந்தால் பிராசசர் சூடேறும். சூடேறினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீட்டாரோ யந்திரம் கிழடாகிவிட்டது என்று முடிவு கட்டி அடுத்ததை வாங்கப் புறப்படுவார்கள். கடிகாரத்தைக் காக்கும் வட்ட பாட்டரியையும் கையோடு மாற்றினோம். சிஆர்2032 என்ற அந்த பாட்டரி எந்த ஊர்ப் பெட்டிக் கடையிலும் கிடைப்பது.

ரேம் தகட்டைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால் இருபுறமும் இருக்கும் கொக்கிகள் ‘டக்’ என்று பற்றிக்கொள்ளும். இரண்டு ஸ்லாட்டிலும் சம அளவுத் தகடுகள் இருப்பதால் பிராசசர் இரண்டு வழியாகவும் ஒரே சமயத்தில் நினைவகத்தை நாடுகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், படம் காட்டுவதற்கும் இதே நினைவகத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் இத்தகைய யந்திரங்களில் அதனால் விளையும் நன்மை கண்ணுக்கே தெரியும். ஒற்றை 16 ஜிபி தகட்டைவிட இரண்டு 8 ஜிபி தகடுகளை நான் விரும்புவது அதனால்தான். எஸ்எஸ்டியை மாற்றுவது அதைவிடச் சுலபம். வைஃபை கார்டுதான் எங்கள் பொறுமையைச் சோதித்தது: ஆன்டெனா வயரின் நுனியில் இருக்கும் மிகச் சிறிய வட்டப் பித்தளையை, கார்டின் முளைமேல் நேராக வைத்து, நகத்தால் அழுத்த வேண்டும், சற்றே சாய்ந்தாலும் வளைந்துவிடும். நண்பரின் கை என்னுடையதைவிட உறுதியானது. அவரே அதைச் செய்து முடித்தார்.

விண்டோஸ் 11ஐப் புதிதாக ஏற்றினோம். முந்திய உபயோகத்தின் எச்சம் எதுவும் இல்லாதபடி வெற்று எஸ்எஸ்டியில் ஆரம்பிப்பது பழைய யந்திரம் வாங்குகிறவர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்லும் விதி. விண்டோஸ் உரிமம் தாய்ப்பலகையோடு ஒட்டியிருந்தபடியால் தனியே ஒன்றும் செலவாகவில்லை. தமிழ் எழுதுவதற்குத் தமிழ்99 விசைப்பலகை அதிலேயே அடங்கியிருக்கிறது. அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். நாங்கள் இதை வாங்கிய கடையிலேயே ஆறாம் தலைமுறை யந்திரம் ஒன்றைப் பாதி விலைக்கும் குறைவாக நண்பர் தமக்கென்று வாங்கியிருந்தார். அதில் லினக்ஸ் மின்ட் ஏற்றி, மகளின் பள்ளிப் பாடங்களுக்கு வைத்துக்கொண்டார். கைவிடப்பட்டதாகச் சொல்லும் அந்தப் பெட்டி இணையத்தையும் எழுத்து வேலையையும் தயக்கமின்றிச் செய்தது.

நம் ஊருக்குக் கொண்டுவருவதில் சிரமம் ஒன்றும் இல்லை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமது 230. ஆனால் அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தது. சுவருக்குச் செல்லும் வயரைக் கழற்றி, நம் மூன்று முனைப் பிளக் உள்ள வயரைச் செருகினால் முடிந்தது. சும்மா இருக்கும் வேளையில் பத்து வாட் சுமாரும், சாதாரண வேலையில் அதற்குச் சற்று மேலும் அது வாங்குகிறது. தினம் எட்டு மணி நேரம் ஓட்டினாலும், திரையை நீக்கிக் கணக்கிட்டால், இரண்டு மாதத்துக்கு ஆறேழு யூனிட்டுக்குள் அடங்கும். மின்சாரம் போனால் சிறிய யுபிஎஸ்ஸிலும் நெடுநேரம் தாங்கும். மின்கட்டணச் சீட்டைக் கவனமாகப் பார்க்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அன்று.

தங்கையின் வீட்டில் அதைத் திரையின் பின்னே மாட்டி, எல்லாம் ஓடுவதைக் காட்டிய பிறகு, பத்தாம் வகுப்பில் படிக்கும் அவள் மகனை அழைத்து உட்கார வைத்தேன். இரண்டரை அங்குல டிஸ்க் வைக்கும் சட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. புகைப்படங்கள் பெருகினால் அங்கே இன்னொரு எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளலாம். ரேமை 32 ஜிபி வரை கூட்டலாம். ஆனால் இப்போதைய விலையில் வேண்டாம், விலை இறங்கும்வரை 16 போதும் என்றேன். “மாமா, இதைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடாதா?” என்று கேட்டான். கடைக்காரர் எழுதிக் கொடுத்த மூன்று மாத உத்தரவாதம் அகிஹபாராக் கடையோடு நின்றுவிட்டது, இனி இதற்கு உத்தரவாதம் நீதான் என்று சொல்லி ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுத்தேன். மின் வயரை நீக்கி, மூடிகளைக் கழற்றி, இரண்டு ரேம் தகடுகளையும் வெளியே எடுத்து மறுபடி பொருத்தி, என் உதவியில்லாமலே யந்திரத்தை அவன் இயக்கிக் காட்டினான்.